இறக்கத்துக்கு யார் பயிற்சி எடுக்கிறார்கள்?

மலைக்குப் போகத் தயாராகிறேன் என்று யார் சொன்னாலும் பேச்சு உடனே ஏற்றத்துக்குப் போய்விடும். எத்தனை மாடி ஏறினேன், ட்ரெட்மில்லில் எவ்வளவு சரிவு வைத்தேன், முதுகுப்பையில் எத்தனை கிலோ சுமந்தேன் என்று கணக்கு நீளும். கைக்கடிகாரமும் போனில் இருக்கும் செயலியும் இதற்கு ஒத்து ஊதுகின்றன. ஏறிய மீட்டர் பெரிய எழுத்தில் முதலிலேயே இருக்கும். இறங்கிய மீட்டரை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஏறியவன் இறங்கித்தானே ஆக வேண்டும், அதை எதற்குத் தனியாக எண்ணுவது என்று நினைத்திருப்பார்கள் போல. இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது சரி. எப்படி இறங்குகிறோம் என்பதில்தான் எனக்கு நீண்ட நாளாக ஓர் உறுத்தல்.

அதைக் கிளப்பியவர்கள் ஒரே மலையில் நான் பார்த்த இரண்டு பேர். ஒருவர் என் நண்பர். அரை மாரத்தான் ஓடுகிறவர், ஜிம்மையும் விடாதவர். ஏறும்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய், மேலே உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். இறங்க ஆரம்பித்துச் சிறிது தூரம்தான் போயிருப்போம். கால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கவில்லை, வியர்வைகூட அதிகமில்லை. பேச்சில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. முன்தொடை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாறையையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு, கடைசியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார்.

இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. ஏற்றத்தில் கடைசியாக வந்தவர். நின்று நின்று, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஏறினார். இறக்கத்தில் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார். அவசரமில்லை, குதிப்பும் இல்லை. சின்னச் சின்ன அடி, முட்டியில் லேசான மடிப்பு, ஒரே தாளம். கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: “அக்கா, எப்படி இவ்வளவு சுலபமா இறங்குனீங்க? ஏதாவது தனியா பயிற்சி செஞ்சீங்களா?” அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. லிஃப்ட்ல மேல போவேன், படியில நடந்து இறங்குவேன். ஏறுனா எனக்கு மூச்சு வாங்குது. அதான்.”

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. உலகமே லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறச் சொல்கிறது. இவர் அதைத் தலைகீழாகச் செய்கிறார், அதுவும் சோம்பேறித்தனம் என்று நாம் சொல்லக்கூடிய காரணத்துக்காக. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. மூச்சு வாங்காத ஒரு வேலை எப்படி ஒரு மலையையே இறங்கும் அளவுக்குக் காலைத் தயார்ப்படுத்தும்? மூச்சையும் இதயத்துடிப்பையும் வைத்தே பயிற்சியை அளந்து பழகியவர்களுக்கு இது எளிதில் செரிக்காது. அதன்பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதுகோடு முதுகாக இரண்டு சைக்கிள்

1952இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் மிதிப்பார். மற்றவரின் பெடல் பின்னோக்கிச் சுழலும். அவர் அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் விழும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் மிதிப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்ஸிஜன், தடுப்பவருக்குத் தேவைப்பட்டதைப் போலப் பல மடங்கு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதை மேடையில் செய்துகாட்டியபோது, சிறிய உருவம் கொண்ட ஒரு பெண், தன்னைவிடப் பெரிய ஓர் ஆணை அலட்டிக்கொள்ளாமல் தடுத்துக் களைக்க வைத்ததைப் பார்த்து அவையே ரசித்ததாம்.

மலையிறக்கத்தில் நம் முன்தொடை செய்வது அந்தப் பெண் செய்த வேலையைத்தான். ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை விசையைக் கொடுத்துக்கொண்டே நீள்கிறது. உடல் தடாலென்று கீழே விழாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. இப்படி நீளும்போது தசை நார்களுக்கு விசை அதிகம், செலவு குறைவு. அதனால் அதே சுமையைத் தாங்க உடல் குறைவான நார்களையே வேலைக்கு அழைக்கிறது. அழைக்கப்பட்ட ஒவ்வொரு நாரும் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. மூச்சும் இதயமும் ஓய்வில் இருப்பதால், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். நண்பருக்கு நடந்தது இதுதான். அவருக்கு எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மூச்சு அடிக்கவே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ பையோடு 1000 மீட்டர் இறங்குகிறார். புவியீர்ப்பு கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 780 கிலோஜூல். ஏறும்போது இதே அளவு வேலையைச் செய்ய, தசையின் திறன் கால்வாசிதான் என்பதால், உடல் 3000 கிலோஜூலுக்கும் மேல் எரிக்கிறது. அது நமக்குத் தெரிகிறது, பசிக்கிறது. இறங்கும்போது அந்த 780 கிலோஜூல் எங்கே போகும்? பெரும்பகுதி கால் தசைகளில்தான் வெப்பமாகக் கரைய வேண்டும். ஒரு அடிக்கு 20 செ.மீ. இறங்குவதாக வைத்துக்கொண்டால் 5000 அடிகள். ஒரு காலுக்கு 2500 தடவை, 80 கிலோவை ஒற்றைக் காலில் மெதுவாக இறக்கிவைக்கும் வேலை. ஜிம்மில் இதை யாராவது பயிற்சியாகச் சொன்னால் பைத்தியமா என்று கேட்போம்.

லாக்டிக் அமிலத்தின் மேல் பழி

மலையிலிருந்து வந்த இரண்டாம் நாள் படியில் உட்கார்ந்தபடி இறங்கியவர்களுக்கு அந்த வலி தெரியும். உடனே யாராவது ஒருவர் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, தேய்த்துவிட்டால் போய்விடும் என்பார். அந்த விளக்கம் நின்றுபோய்ப் பல காலமாயிற்று. 1902லேயே தியடோர் ஹாஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், தாமதமாக வரும் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் சின்னச் சின்னக் கிழிசல்கள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 1983இல் வெளியான ஒரு சோதனை இன்னும் தெளிவானது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு இரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறியது, பிறகு வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி மட்டும் வந்தது. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம்போல ஆனால் இரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகிறது. அப்பாவியின் மேல் நாம் போட்ட பழி அது.

வலியைவிட முக்கியமான ஒன்று உண்டு: பலம் குறைவது. கடுமையான இறக்கத்துக்குப் பிறகு தசையின் பலம் உடனே கணிசமாகக் குறைந்து, திரும்பச் சில நாட்கள் ஆகும். மோசமானால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அந்த நாட்களில் தசை தன் மாவுச்சத்துச் சேமிப்பை நிரப்பிக்கொள்வதும் மந்தமாகிறது. ஒரு நாள் பயணத்தில் இது வீட்டுக்கு வந்தபிறகு வரும் தொல்லை. பல நாள் நடையில் இரண்டாம் நாள் காலையிலேயே இது கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தசைக்கு இந்த அடி ஒரு தடவை விழுந்து ஆறிவிட்டால், அடுத்த முறை அதே அளவு வேலைக்கு வலியும் சேதமும் நன்றாகக் குறைந்துவிடுகின்றன. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. முதல் தடவை சிறிய அளவில் செய்தாலே ஓரளவு கிடைக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதய, நுரையீரல் பயிற்சியில் மாதக்கணக்கில் உழைத்து வாங்க வேண்டியதை, இறக்கப் பயிற்சியில் சில வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தே வாங்கிவிடலாம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை ஏன் யாரும் வாங்குவதில்லை என்பதுதான் புரியவில்லை.

அக்கா செய்ததைப் போன்ற ஒன்றை அறிவியலும் செய்து பார்த்திருக்கிறது. 2017இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில், உடல் பருமன் உள்ள வயதான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் படிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு படியில் ஏறி லிஃப்டில் இறங்கியது. மற்றது லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கியது. கால் பலத்தில் மட்டுமில்லை, இரத்த அழுத்தம், சர்க்கரையைக் கையாளும் திறன், எலும்பு அடர்த்தி என்று பலவற்றிலும் இறங்கிய குழுவே அதிகம் முன்னேறியது. இதையெல்லாம் அந்த அக்கா படித்திருக்க மாட்டார். மூச்சு வாங்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

வேகமாக ஏறியவர் என்ற சான்றிதழ்

ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தில் மனிதர்கள் முதன்முதலாக ஏறியது 1865 ஜூலை 14இல். எட்வர்ட் விம்பர் தலைமையில் ஏழு பேர் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது 19 வயது டக்ளஸ் ஹாடோ கால் வழுக்கி, தனக்கு முன்னால் இறங்கிய வழிகாட்டி மிஷேல் குரோவின் மேல் விழுந்தார். ஒரே கயிற்றில் இருந்த, மலையேறியான பாதிரியார் ஹட்சனும் பிரபு பிரான்சிஸ் டக்ளஸும் கூடவே இழுக்கப்பட்டார்கள். கயிறு அறுந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். விம்பரும் தாக்வால்டர் என்ற தந்தையும் மகனும்தான் மிஞ்சினார்கள்.

இந்தக் கதையில் கயிற்றைப் பற்றித்தான் ஒன்றரை நூற்றாண்டாகச் சண்டை. என் கண் நிற்பது வேறு இடத்தில். ஹாடோவைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று விம்பர் கேட்டபோது, ஹட்சன் கொடுத்த சான்று இதுதான்: இவர் மோன் பிளாங் சிகரத்தைப் பெரும்பாலோரைவிடக் குறைந்த நேரத்தில் ஏறியவர். இறக்கத்திலோ அவருடைய கால்களைப் பிடித்து ஒவ்வொரு பிடிமானத்திலும் குரோதான் வைத்துவிட வேண்டியிருந்தது. அனுபவமின்மை, காலணி, பாறையின் கடினம் எல்லாம் சேர்ந்த விபத்து அது. தொடைப் பயிற்சி இருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒருவரை மலைக்குத் தகுதியானவர் என்று சொல்ல அன்றைக்குக் கேட்டதும் ஏறிய நேரத்தைத்தான், இன்றைக்குக் கேட்பதும் அதைத்தான்.

இறக்கம் எப்போதும் நாளின் இரண்டாம் பாதியில் வருகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். உடலில் மாவுச்சத்துச் சேமிப்பு தசையில் சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவுக்குத்தான்; மொத்தமாக 2000 கிலோகலோரி. மூச்சு முட்ட ஏறுகிறவர் அதில் பெரும்பங்கை உச்சியிலேயே காலி செய்துவிடுகிறார். அதனால்தான் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய நீண்ட, மெதுவான பயிற்சியை வாரத்தின் பெரும்பகுதியாக வைக்கச் சொல்கிறார்கள். கொழுப்பை எரித்து நடக்கப் பழகிய கால், மாவுச்சத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு உச்சிக்கு வரும். இதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. பொறுமையாக ஏறுவது இறக்கத்துக்குச் சேமித்துவைப்பதும்கூட என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என்னதான் செய்வது

யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஸ்டெப் டவுன். 10, 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை, மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டு, நிற்கும் காலை மடக்குங்கள். தரையைத் தொட மட்டும் வேண்டும், எடையைப் போடக் கூடாது. முட்டி உள்ளே சாயாமல் கால் விரல்கள் இருக்கும் திசையிலேயே போகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் சரியும். அது தொடையின் குறையில்லை; இடுப்பின் பக்கவாட்டுத் தசை தூங்குகிறது. ஆரம்பத்தில் ஒரு காலுக்கு எட்டு முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள். போதும். இது பயிற்சியா என்று கேட்கும் அளவுக்கு லேசாக இருக்கும். மறுநாள் மறுபடி பேசுவோம்.

அது பழகியபிறகு படியின் உயரத்தைக் கூட்டுங்கள், அதற்கப்புறம் முதுகில் பையை மாட்டுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஸ்குவாட், லன்ஜ் செய்கிறவர்கள் புதிதாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை; கீழே போகும் பகுதியை நான்கு நொடியாக நீட்டினாலே பாதி வேலை முடிந்தது. ஜிம்மில் பலரும் எடையைத் தூக்குவதைத்தான் எண்ணுகிறார்கள், இறக்குவதைப் புவியீர்ப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். கெண்டைக்காலுக்கும் இதே விதிதான்: படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே விடுவது.

வாரத்தில் ஒரு முறை உண்மையான இறக்கம் வேண்டும். மலை அருகில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அக்காவின் வழி: லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குவது. முதல் வாரம் உங்களுக்குப் போதும் என்று படுவதில் பாதியோடு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் போதும் என்று சொல்ல வேண்டிய மூச்சு இங்கே பேசாது. வலி முழுதாக அடங்கியபிறகே அடுத்தது. பயணத்துக்கு முந்தைய கடைசிக் கடுமையான இறக்கம் 10லிருந்து 14 நாட்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் பயத்தில் சேர்த்துச் செய்கிறவர்கள் கிழிந்த தசையோடு மலைக்குப் போகிறார்கள்.

பயிற்சியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பையில் தண்ணீர்ப் பாட்டில்களைச் சுமந்து ஏறுவது, உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக இறங்குவது. முட்டியைக் காப்பாற்ற நல்ல யோசனை. பயிற்சியின் முதல் சில மாதங்களுக்கு நானும் அதையே சொல்வேன். கடைசி வரை கொட்டிக்கொண்டே இருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான பயணத்தில் கூடாரத்தையும் கயிற்றையும் மேலே கொட்டிவிட்டு வர முடியாதே. பயணத்துக்கு ஆறு எட்டு வாரம் இருக்கும்போது தண்ணீரில் கால் பங்கையும், பிறகு பாதியையும் கீழே கொண்டுவரப் பழக வேண்டும் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் என்னைவிட நன்றாக ஏறுகிறவர்கள்.

நடைக் கம்பைக் கிழவர்களின் துணை என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், செங்குத்தான சரிவில் இரண்டு கம்புகளோடு இறங்கியபோது முட்டியில் விழும் சுமை 12லிருந்து 25 சதவீதம் வரை குறைந்தது. கம்பு பாதத்துக்கு முன்பே தரையில் ஊன்றி, கையின் எடை அதில் இறங்கினால்தான் இந்தப் பலன். அலங்காரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தால் எதுவும் குறையாது. காலணிக் கயிற்றையும் இறங்குமுன் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வலியில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ முன்தொடை முழுக்கப் பரவலாக, தொட்டால் வலித்து, மூன்று நான்கு நாளில் அடங்குவது தசையின் வலி. அதோடு வாழலாம், அடுத்த முறை அளவைக் குறைக்கலாம். செய்துகொண்டிருக்கும்போதே முட்டிச் சில்லுக்கு அடியிலோ மூட்டின் ஓரத்திலோ குத்தினால் அது வேறு; படியின் உயரத்தைப் பாதியாக்குங்கள், அப்போதும் குத்தினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தசை கல்லாக வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பழக்கமில்லாமல் ஒரே நாளில் அளவு மீறி இறங்கியவர்களுக்கு நடந்திருக்கிறது. ஏற்கெனவே முட்டியில் தேய்மானமோ பழைய காயமோ உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு, 5 செ.மீ. உயரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு தடித்த மரப்பலகை போதும்.